மார்ச் பதினொன்று, வியாழக்கிழமை

கடிதத்தில் மூன்றே வரிகள். முதல் வரி மனுவின் எண். இரண்டாவது வரி இது: "உங்கள் தாயார் உங்களுக்காக அளித்திருந்த மனு, கடந்த ஆண்டு மார்ச் பதினொன்றாம் தேதி தானாகவே முடிவுற்றது." மூன்றாவது வரி, இதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியில்லை என்றது. கீழே கையெழுத்துகூட இல்லை, முத்திரை மட்டும்.

அவன் அதை எட்டு முறை படித்துவிட்டான். நிராகரித்தோம் என்று எழுதியிருந்தால் புரிந்திருக்கும். கோபப்பட ஓர் ஆளாவது கிடைத்திருப்பான். தானாகவே முடிவது என்றால் என்ன? அதுவும் பதினேழு மாதங்களுக்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல்?

அவன் லிஃப்ட் மெக்கானிக். எப்போது நின்றது என்று தெரிந்தால் எதனால் நின்றது என்பது பாதி தெரிந்த மாதிரி என்று நம்புகிறவன். அதற்காகவே சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பான். பழைய நோட்டுகளை ஷூ பெட்டியில் அடுக்கி வைத்திருந்தான். கடந்த ஆண்டு நோட்டை எடுத்துப் புரட்டினான். மார்ச் பதினொன்று, வியாழன். "ஆஸ்பத்திரி, இரண்டாம் லிஃப்ட், கதவு சென்சார் துடைத்தது. துணிக்கடை, மூன்றாம் மாடிப் பொத்தான் மாற்றியது. மதியம் லீவு." அவ்வளவுதான். மதியம் எதற்கு லீவு என்று எழுதவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

அந்த மனு எதற்கு என்று சொல்லிவிட வேண்டும். அவனுக்கு அம்மா மட்டும்தான். அப்பா அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே இறந்துவிட்டார். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து அவனைப் படிக்க வைத்தாள். ஒன்பது வருடங்களுக்கு முன் வெளிநாட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்தது. நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பது, குளிப்பாட்டுவது, மறுபடி தூக்கிப் படுக்க வைப்பது. இரண்டரை வருடத்தில் அங்கே நிரந்தரமாக வசிக்கும் அட்டை கிடைத்தது. கிடைத்த வாரமே மகனுக்காக மனு போட்டாள்.

இந்த மாதிரி விசா ஒருவர் போய் ஜன்னலில் கேட்டு வாங்குவதல்ல. அங்கே இருக்கும் உறவுக்காரர் முதலில் மனு போட வேண்டும். மனு போட்ட தேதிதான் வரிசையில் உங்கள் இடம். ஒவ்வொரு வகை உறவுக்கும் தனித்தனி வரிசை. வருடத்துக்கு இத்தனை பேர் என்று ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு வரம்பு. மாதம் ஒரு தடவை, எந்தத் தேதி வரை மனு போட்டவர்களைக் கூப்பிட்டிருக்கிறோம் என்று ஓர் அட்டவணை வரும். அதை அவன் ஆறரை வருடமாக மாதத்தின் முதல் வாரத்தில் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் குறித்து வந்தான். சில மாதம் தேதி மூன்று வாரம் நகரும். சில மாதம் நகராது. ஒரு தடவை பத்து மாதம் பின்னாலேயே போனது. எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்துவிட்டால், வரம்பைத் தாண்டாமல் இருக்கத் தேதியைப் பின்னால் இழுத்துக்கொள்வார்களாம். இடையில் அம்மாவைப் பார்க்க இரண்டு முறை சுற்றுலா விசா கேட்டான். இரண்டு முறையும் கிடைக்கவில்லை. குடியேற மனு போட்டிருப்பவர் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்புவார் என்று எப்படி நம்புவது என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

இந்த ஆண்டு ஜூன் மாதம் அட்டவணை அவன் தேதியைத் தொட்டது. கூப்பிட்டார்கள். கேட்ட ஆவணங்களை எல்லாம் அனுப்பினான். இன்னும் ஆறு மாதத்தில் அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் இருக்கலாம் என்று நினைத்திருந்த வேளையில்தான் இந்த மூன்று வரி வந்தது.

மறுநாள் காலை, பத்து மாடிக் கட்டிடம் ஒன்றில், ஆறாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிஃப்ட் சிக்கிக்கொண்டு நின்றது. நல்லவேளையாக உள்ளே யாரும் இல்லை. அவனோடு வேலை செய்பவனுக்கு கிரீஸ் என்று பெயர். அவன் சாப்பிட்ட தட்டில்கூட கைரேகை இருக்கும் என்பதால் வந்த பெயர்.

"என்ன மாப்ள, மூஞ்சி ஃபியூஸ் போன மாதிரி இருக்கு?"

அவன் கடிதத்தை நீட்டினான். கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு, ஓரத்தை மட்டும் பிடித்து வாங்கிப் படித்தான்.

"தானாகவேன்னா? மனு என்ன பாலா, வெச்ச எடத்துல தானா திரிஞ்சு போறதுக்கு?"

"அதான் தெரியல."

"எவனோ ஒருத்தன் பொத்தான அமுக்கியிருப்பான். நமக்குச் சொல்ல மாட்டேங்கறானுங்க."

"பொத்தான் அமுக்காமலும் நிக்கும்டா. இதோ, இது நின்னிருக்கே."

அது உண்மை. அந்த லிஃப்டை யாரும் நிறுத்தவில்லை. மேலே இயந்திர அறையில் ஒரு சிறிய சக்கரம் இருக்கிறது. லிஃப்ட் ஓடும்போது அதுவும் கூடவே சுற்றும். லிஃப்ட் கீழே இறங்கும் வேகம் அளவை மீறினால், சக்கரத்தில் உள்ள எடைகள் வெளிப்பக்கம் விரிந்து ஒரு கொக்கியில் மாட்டும். கொக்கி ஒரு கம்பிக் கயிற்றைப் பிடிக்கும். கயிறு லிஃப்டின் அடியிலுள்ள இரண்டு ஆப்புகளை இழுக்கும். ஆப்புகள் இரு பக்கத் தண்டவாளத்தையும் கவ்விக்கொள்ளும். மின்சாரம் வேண்டாம், மனிதர் வேண்டாம், முடிவெடுக்க யாரும் வேண்டாம். ஒரு நிபந்தனை மீறப்பட்டது, பூட்டு விழுந்தது. பிறகுதான் யாராவது வந்து, எப்போது விழுந்தது என்று பார்ப்பார்கள்.

"சுருக்கமா சொன்னா, உனக்கு ஆப்பு," என்றான் கிரீஸ்.

இயந்திர அறைக்குப் போனார்கள். மோட்டாரைக் கையால் சுற்றி லிஃப்டை நகர்த்தும் கைச்சக்கரத்தை கிரீஸ் பிடித்தான். "அஞ்சாவது மாடிதானே பக்கம். அப்படியே கீழ எறக்கிடறேன்."

"எறக்காதே. எறக்க எறக்க ஆப்பு இறுகும். எந்தப் பக்கம் போறப்போ பிடிச்சுதோ, அதுக்கு எதிர்ப்பக்கம் நகத்தினாத்தான் விடும். மேல தூக்கு."

"ஒவ்வொரு தடவையும் மறந்துடறேன் பாரு."

தூக்கினார்கள். ஒரு சாண் உயரத்தில் டக்கென்று ஆப்பு விட்டது. கிரீஸ் நெற்றியைத் துடைத்து, நெற்றியிலும் கறை பூசிக்கொண்டு கேட்டான்: "போன வருஷம் மார்ச்சுன்னா, துணிக்கடை வேலை நடந்தப்பதானே? அன்னைக்கு மத்தியானம் என்னைத் தனியா விட்டுட்டு ஓடினியே. ஒரு பேப்பர் வாங்கப் போறேன், அவளும் வர்றான்னு சொன்ன. நான்தான் ஒண்டியா பொத்தான் பெட்டியத் தூக்கிட்டு அலைஞ்சேன். மறப்பனா?"

"பேப்பர் வாங்கினது இருபத்தொம்பதாம் தேதிடா. சர்டிஃபிகேட் அன்னைக்குத்தான் கையில குடுத்தாங்க. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அப்ப பதினொண்ணாம் தேதி எதுக்குப் போன?"

அவன் கருவிப் பையை மூடினான்.

அவளை யாரிடமும் என்ன சொல்லி அறிமுகப்படுத்துவது என்பது இந்தப் பதினேழு மாதமாக அவனுக்கு ஒரு சிக்கல். கட்டிக்கப்போகிற பெண் என்றுதான் சொல்வான். அவளும் அப்படித்தான் சொல்வாள். அவள் கூரியர் அலுவலகத்தில் கவுன்ட்டரில் உட்கார்ந்து உறைகளை எடை போட்டு, ஆவணப் பட்டியலைச் சரிபார்த்து, ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புகிறவள். அவள் அவளுடைய அப்பா வீட்டில் இருந்தாள். அவன் அவனுடைய ஒற்றை அறையில். கல்யாணம் அம்மா வந்த பிறகு, அல்லது அவன் அம்மாவிடம் போய்ச் சேர்ந்த பிறகு. எப்படியும் அம்மாவின் கண்முன்னால். அதில் இரண்டு வீட்டாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் மனைவியை அழைத்துப்போகத் திருமணச் சான்றிதழ் வேண்டுமே, கடைசி நேரத்தில் அது கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமே என்று, பதிவு அலுவலகத்தில் கையெழுத்தை மட்டும் முன்கூட்டியே போட்டு வைத்தார்கள். புகைப்படம் எடுத்து வைப்பது போல. காகிதம் ஒன்று தயாராக இருக்கட்டும் என்று.

மதிய இடைவேளையில் அவன் கவுன்ட்டர் முன்னால் போய் நின்றபோது அவள் கடிதத்தை ஒரே முறைதான் படித்தாள். கீழ் இழுப்பறையிலிருந்து பிளாஸ்டிக் கோப்பை எடுத்தாள். ஜூனில் அனுப்பிய எல்லாவற்றுக்கும் அதில் நகல் இருந்தது. ஒன்பதாவது காகிதத்தை உருவி மேஜையில் வைத்தாள்.

"பாருங்க. இதுல ரெண்டு தேதி இருக்கு."

சான்றிதழின் அடியில், பெரிய எழுத்தில்: வழங்கப்பட்ட நாள், மார்ச் 29. நடுவில், பொடி எழுத்தில்: திருமணம் பதிவு செய்யப்பட்ட நாள், மார்ச் 11.

"அன்னைக்குத்தான் கையெழுத்து போட்டோம்," என்றாள். "நீங்க துணிக்கடையிலேர்ந்து நேரா வந்தீங்க. சட்டைப் பையில ஸ்க்ரூடிரைவர் இருந்துச்சு. அந்த ஆபீசர்கூட, மாப்பிள்ளை கதவைக் கழட்ட வந்தீங்களா, கல்யாணம் பண்ண வந்தீங்களான்னு கேட்டாரு."

அவனுக்கு இப்போது எல்லாம் நினைவு வந்தது. சிரித்துவிட்டு அரை மணி நேரத்தில் வெளியே வந்தார்கள். டீ குடித்தார்கள். அவள் பஸ் ஏறினாள்.

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"தெரியல. ஆனா இத நாமதான் அனுப்பியிருக்கோம். நானே எடை போட்டு, நானே ஸ்டிக்கர் ஒட்டினேன்."

படிவ அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் பெண்மணியின் அறை, ஒரு செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இருபது வருடமாக விசாப் படிவம் நிரப்பித் தருகிறவள். மேஜை முழுக்க ஸ்டேப்ளர், பசை, அளவெடுக்கும் ஸ்கேல். முதல் கேள்வியையே நேராகக் கேட்டாள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?"

"இன்னும் இல்லக்கா," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"ரெஜிஸ்டர்?"

"அது ஆயிடுச்சு."

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப எது இன்னும் இல்ல?"

"மண்டபம்... சாப்பாடு... அம்மா வரணும்ல?"

"ஏன்ப்பா, சோறு போட்டாத்தான் கல்யாணம்னு நீங்க நெனச்சுட்டிருக்கீங்க. அவங்க சட்டப் புத்தகத்துல சோத்தப் பத்தி ஒரு வரி கிடையாது. கையெழுத்து விழுந்த நிமிஷம் கல்யாணம்."

"சரிக்கா. கல்யாணம் ஆனா என்ன? மகன் மகன்தானே?"

அக்கா ஒரு பழைய படிவத்தைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஸ்கேல் வைத்து வரிசையாக நான்கு கட்டம் போட்டாள். அவளுக்கு இதை விளக்குவதில் ஒரு சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் முயன்றாள்.

"இது நாலு கதவு. அம்மா அங்க குடிமகளா இருந்தா, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு ஒரு கதவு, கல்யாணம் ஆன பிள்ளைக்கு ஒரு கதவு. ரெண்டும் உண்டு. அம்மா வெறும் அட்டை மட்டும் வெச்சிருந்தா, கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு இதோ, ஒரு கதவு. கல்யாணம் ஆன பிள்ளைக்கு..." நான்காவது கட்டத்தைப் பேனாவால் முழுக்கக் கறுப்பாக்கினாள். "சொவரு. கதவே வெக்கல."

"அம்மா இப்ப குடிமகள்தானே. போன வருஷமே குடியுரிமை உறுதிமொழி எடுத்துட்டாங்களே."

"எந்தத் தேதி?"

"ஏப்ரல் இருபத்தொண்ணு."

அக்கா விரல் விட்டு எண்ணினாள். எண்ணி முடித்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

"நாப்பத்தோரு நாள். அம்மா உறுதிமொழி எடுத்ததுக்கு மறுநாள் நீங்க கையெழுத்து போட்டிருந்தா, மனு அப்படியே இந்தக் கதவுலேர்ந்து அந்தக் கதவுக்கு மாறியிருக்கும். பழைய தேதி பத்திரமா இருந்திருக்கும். கொஞ்ச வருஷம் கூடுதலா காத்திருக்கணும், அவ்வளவுதான். நீங்க முன்னாடியே போட்டுட்டீங்க. அன்னைக்கு அம்மா அட்டைக்காரங்க. நீங்க கல்யாணம் ஆனவரு. சொவரு. மனு அந்த நிமிஷமே செத்துப் போச்சு. ஆபீசர் யாரும் கொல்லல. சட்டமே அப்படி எழுதியிருக்கு. நீங்க சர்டிஃபிகேட் அனுப்பினப்பதான் அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்."

அவன் மனதில் அந்தச் சிறிய சக்கரம் சுற்றி நின்றது. எடைகள் விரிந்தது, கொக்கி மாட்டியது, எல்லாம் தெரிந்தது. எங்கேயும் ஒரு குறைகூடச் சொல்ல முடியாத இயந்திரம்.

"கல்யாணத்த ரத்து பண்ணிட்டா?" என்றாள் அவள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

"விவாகரத்து வாங்கினா இவரு மறுபடி கல்யாணம் ஆகாதவரு. ஆனா செத்த மனு எந்திரிக்காது. புதுசா போடணும், புதுத் தேதி. அந்த வரிசை இன்னைக்கு எட்டு வருஷம் ஓடுது. அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் தனித்தனி. கல்யாணம் ஆனவராவே போட்டா பதினாலு வருஷம்."

"கல்யாணமே நடக்கலைன்னு கோர்ட்ல சொன்னா?"

"அதுக்கு ஒரு வழி உண்டு. கட்டாயப்படுத்தினாங்க, ஏமாத்தினாங்க, இப்படி ஏதாவது நிரூபிக்கணும். அப்ப அந்தத் தேதியே இல்லாமப் போயிடும். மனு பொழைக்கும்."

"நான்தான் இவரக் கட்டாயப்படுத்தினேன்னு சொல்லிடறேன். அது பொய்யும் இல்ல. முன்னாடியே வாங்கி வெச்சுடலாம், கடைசி நேரத்துல அலைய வேண்டாம்னு சொன்னது நான்தானே?"

அக்கா பேனாவை மூடி வைத்தாள்.

"இங்க பாரும்மா," என்றாள் அக்கா, "அவசரப்படுத்தினது வேற, கட்டாயப்படுத்தினது வேற. கடைசிப் படிவத்துல ஒரு கேள்வி வரும்: விசாவுக்காக எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா? அதுக்கு இல்லைன்னு எழுதணும். மாட்டினா ஆயுசுக்கும் நாலு கதவும் கிடையாது."

"வேண்டாம்," என்றான் அவன். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தான்.

அம்மாவின் முகம் போனில் கொஞ்சம் சாய்ந்து தெரிந்தது. இடது கையில் பிடித்திருந்தாள்.

"என்னடா, டிக்கெட் எப்போ போடறது? ரூம் மாத்திட்டேன், தெரியுமா? ரெண்டு ரூம். ஜன்னல் இருக்கறது உங்களுக்கு. எனக்கு ஜன்னல் எதுக்கு, பகலெல்லாம் வேலைதானே."

அவன் சொன்னான். கதவுகளைச் சொன்னான், சுவரைச் சொன்னான், நாற்பத்தொரு நாளைச் சொன்னான். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு, "ஏன்டா, பிப்ரவரியில எடுத்திருந்தா சரியா இருந்திருக்குமா?" என்றாள்.

"எது?"

"உறுதிமொழிதான். எனக்கு மொதல்ல பிப்ரவரி இருபத்தி நாலுன்னுதான் தேதி குடுத்தாங்க. நான்தான் மாத்திக் கேட்டேன். அன்னைக்கு என் ஷிஃப்டு பாக்க ஆள் இல்ல. பன்னெண்டாம் நம்பர் ரூம் கெழவி என்னைத் தவிர யார் தூக்கினாலும் கத்துவா. ஒரு நாள் கத்தட்டும்னு விட்டுட்டுப் போயிருக்கலாம்."

மூன்று பேரும், தங்களால்தான் இப்படி ஆனது என்று ஆளுக்கொரு தேதியை எடுத்து வைத்துக்கொண்டார்கள். அதை யாரிடமிருந்தும் வாங்கிவிட முடியாது.

"விடுடா. நாளைக்கே புதுசா மனு போடறேன். பதினாலு வருஷம்தானே?"

"அப்ப உனக்கு எழுபத்திரெண்டு."

"எழுபத்திரெண்டெல்லாம் ஒரு வயசா? இங்க தொண்ணூறுல லிப்ஸ்டிக் போட்டுக்கறாளுங்க."

"வலது கைய மேல தூக்கு."

"எதுக்கு?"

"தூக்கும்மா. பாக்கறேன்."

அம்மா போனை எதன்மேலோ சாய்த்து வைத்தாள். வலது கையைத் தூக்கினாள். கை மார்பு வரை வந்து நின்றது. அதற்குமேல் தோளும் கழுத்தும் சேர்ந்து ஏறின, கை ஏறவில்லை. அம்மா உடனே அந்தக் கையால் முந்தானையைச் சரிசெய்வது போல் செய்தாள்.

"எத்தன நாளா இவ்வளவு மோசம்?"

"அது ஒண்ணும் இல்லடா."

"தோள் வலியப் பத்திக் கேட்டா, நாலு வருஷமா ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னுதான் சொல்ற. யாராவது ரத்தம் எடுத்தாங்களா, எக்ஸ்ரே எடுத்தாங்களா? வந்துடும்மா."

"வெறுங்கையோடயா? அப்ப இந்த ஒம்பது வருஷம் எதுக்குடா?" குரல் உயர்ந்து, உடனே தணிந்தது. "அதுவும் இல்லாம, வரவும் முடியாது. அங்கத்திய பாஸ்போர்ட்டத் திருப்பிக் குடுத்தாச்சு. நான் இப்ப உங்க நாட்டு ஆளே இல்லடா. டூரிஸ்டா வந்து மூணு மாசம் இருக்கலாம், அப்புறம் கெளம்பணும். மகன் வீட்டுக்கு சுத்திப் பாக்க வர்றவ நான்."

அம்மா சிரித்தாள். அவனால் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

அடுத்த மூன்று வாரம் அவன் நோட்டில் வேலையைத் தவிர எதுவும் எழுதவில்லை. மாதத்தின் முதல் வாரம் வந்தபோது பழக்கத்தில் அட்டவணையைத் திறந்தான். பதினான்கு வருட வரிசை இரண்டு நாள் முன்னேறியிருந்தது. மூடிவிட்டான்.

அவள் கூரியர் வேலைக்குப் போனாள். உறைகளை எடை போட்டாள். வெளிநாடு போகிறவர்களின் உறைகளுக்கு நீலக் கோடு. அவற்றை அவளுக்கு மனப்பாடமாகத் தெரியும். பச்சைக் கோடு போட்ட உறைகளும் வரும். எண்ணிக்கையில் குறைவு. அந்த உறைகளின் ஆவணங்களையும் பட்டியலோடு ஒப்பிட்டு டிக் போடுவதுதான் அவள் வேலை. நான்கு வருடமாகப் போட்டிருக்கிறாள். ஆனால் டிக் போடும்போது யாரும் படிப்பதில்லை, எண்ணத்தான் செய்வார்கள். அந்த வெள்ளிக்கிழமை ஒரு பெரியவர் பச்சை உறையைக் கொண்டுவந்து, ஆறாவது ஆவணம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். பதில் சொல்வதற்காக அவள் பட்டியலின் தலைப்பிலிருந்து படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள். தனக்காக ஒரு வெற்றுப் படிவத்தையும் எடுத்துக்கொண்டாள்.

மதியம் அவள் அந்தப் பத்து மாடிக் கட்டிடத்துக்கு வந்தாள். லிஃப்டில் சர்வீஸ் நடக்கிறது என்று பலகை வைத்திருந்தார்கள். இயந்திர அறையின் கதவைத் தள்ளியபோது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"லிஃப்ட் மெக்கானிக்கப் பாக்கணும்னா பத்து மாடி ஏறித்தான் வரணும் போல," என்றாள்.

"வாம்மா, கட்டிக்கப்போற பொண்ணே," என்ற கிரீஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் போய் டீ குடிச்சுட்டு வரேன்," என்று எழுந்துபோனான்.

அவள் படிவத்தை மோட்டார் பெட்டியின் மேல் விரித்தாள்.

"இத்தன வருஷமா நாம போற பக்கத்தையே பாத்துட்டிருந்தோம். இது வர்ற பக்கம். மொத வரியப் படிங்க."

அவன் படித்தான். மனுதாரர்: இந்நாட்டுக் குடியுரிமை உள்ள மகன் அல்லது மகள். யாருக்காக: வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்ட தாய் அல்லது தந்தை. எதற்காக: மகன் அல்லது மகள் வீட்டில் நிரந்தரமாகத் தங்க.

"வரிசை?"

"இல்ல. வருஷத்துக்கு இத்தன பேர்ங்கற வரம்பே இல்ல. திரும்பி வர்றவங்க அவ்வளவு கம்மி. எங்க கவுன்ட்டர்லேர்ந்து போனதுல எதுவும் அறுபது நாளத் தாண்டினதில்ல."

"என் கல்யாணம்?"

"பதினாலாவது கேள்வி."

மனுதாரருக்குத் திருமணமாகிவிட்டதா? ஆம் எனில், திருமணச் சான்றிதழை ஆறாவது ஆவணமாக இணைக்கவும். இல்லை எனில், தாய் அல்லது தந்தையைப் பராமரிக்க வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும்.

அவன் கைச்சக்கரத்தின்மேல் கையை வைத்தான். ஆப்பு விட எதிர்ப்பக்கம்தான் நகர்த்த வேண்டும் என்பதை கிரீஸ் எத்தனை தடவை மறந்தாலும் அவன் மறந்ததில்லை. மனு விஷயத்தில் அவன் பதினேழு மாதமாகக் கீழ்நோக்கியே அழுத்திக்கொண்டிருந்தான்.

"அம்மா ஒத்துக்க மாட்டாங்க."

"காலையிலயே பேசிட்டேன். மொதல்ல திட்டினாங்க. அப்புறம் அழுதாங்க. ஒம்பது வருஷம் ஒண்ணுமில்லாமப் போச்சேன்னாங்க. நான் ஆமா அத்தைன்னுதான் சொன்னேன், வேற என்ன சொல்றது? கடைசியில, அந்த ஜன்னல் ரூமுக்கு ஒரு மாச நோட்டீஸ் குடுக்கணுமேன்னாங்க. குடுத்துடுங்கன்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பன்னெண்டாம் நம்பர் பாட்டிய இனிமே யார் தூக்குவாங்கன்னு கேட்டாங்க."

அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். மனுதாரர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினான். பதினான்காவது கேள்விக்கு "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டான். பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ஆறரை வருடத் தேதிகளின் கீழே, ஒரு கோடு கிழித்து எழுதினான்:

அம்மா இருக்கும் இடத்துக்கு நான் போக வழியில்லை. நான் இருக்கும் இடத்துக்கு அம்மா வர வழி உண்டு. மனு போட வேண்டியது நான். ஆவணங்கள் ஆறு. ஆறாவது, மார்ச் பதினொன்றாம் தேதி பதிவான சான்றிதழ். அறுபது நாள்.